வாடைக்கு முந்திய ஏழு மாதங்கள்: திருகோணமலையின் அபிவிருத்தியை முடிவுசெய்வோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுத் தலைவர், நாடாளுமன்ற உறுப்பினர்கள், அரசாங்க அதிபர், பதினொரு பிரதேச செயலாளர்கள், உள்ளூராட்சி சபைகளின் தலைவர்கள், கூட்டுறவு, வர்த்தகச் சங்கங்களின் பொறுப்பாளர்கள் அனைவருக்கும்,

வணக்கமும் ஸலாமும்.

புதிதாக ஒரு திட்டம் வேண்டும் என்று கேட்க இந்த மடலை எழுதவில்லை. மாவட்டத்துக்கு வருகிற பணத்தையும், ஏற்கெனவே கையெழுத்தான பெரிய திட்டங்களையும் எந்த மாதத்தில் கையில் எடுப்பது என்பதே எங்கள் பேச்சு. நெல், கடற்றொழில், கட்டுமானம், திட்டமிடல் ஆகிய துறைகளில் நாளாந்தம் நிற்கிறவர்கள் நாங்கள். எங்கே இடறுகிறது என்பதை எண்களோடு சொல்ல விரும்புகிறோம்.

திருகோணமலையில் வெளிவேலைக்குக் கிடைப்பது ஏழு மாதம். பெரும்போக அறுவடை ஓயும் மார்ச்சில் அது தொடங்குகிறது, செப்டெம்பரோடு முடிகிறது. ஒக்டோபரில் இடியும் மழையும் வரும், பிறகு வடகீழ்ப் பருவக்காற்றான வாடை பிடிக்கும். ஆண்டு மழையில் பெரும் பங்கு ஜனவரிக்குள் கொட்டிவிடும். கடல் படிந்து மீன்படுவதும், நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்துத் தொழிலாளர் இங்கே வந்து வாடி போடுவதும், நிலாவெளியிலும் உப்புவெளியிலும் அறைகள் நிறைவதும், சிறுபோகம் விளைவதும், வீதி போடுவதும், பாலம் கட்டுவதும் எல்லாம் அந்த ஏழு மாதத்துக்குள்தான்.

அரசின் பணத்துக்கு வேறு நாட்காட்டி. அது ஜனவரி 1 இல் தொடங்கி டிசம்பர் 31 இல் முடிகிறது. ஒரு சிறு வீதியை எடுத்துக்கொள்வோம். ஒதுக்கீட்டுக் கடிதம் மார்ச் கடைசியில் வருகிறது. தொழில்நுட்ப உத்தியோகத்தர் இடம் பார்த்து மதிப்பீடு எழுத ஏப்ரல் போகிறது, நடுவில் புத்தாண்டு விடுமுறையும் உண்டு. மேயில் அங்கீகாரம். ஜூனில் கேள்விப்பத்திரம் மூன்று வாரம் திறந்திருக்கும். மதிப்பிட்டு ஒப்பந்தம் எழுத ஜூலை முடிகிறது. ஒப்பந்தகாரர் முற்பணம் எடுத்து, கிரவல் அகழ அனுமதி தேடி, இயந்திரத்தைக் கொண்டுவந்து இறக்கும்போது செப்டெம்பர் நடுப்பகுதி. ஒக்டோபரில் வெட்டிய கான் நவம்பரில் வாய்க்காலாகிறது. செலவழியாத பணம் ஆண்டு முடிவில் திறைசேரிக்குத் திரும்புகிறது. கூடவே, “அந்த மாவட்டத்துக்குக் கொடுத்த காசையே செலவழிக்கத் தெரியவில்லை” என்ற பேச்சும் கொழும்பில் நிலைக்கிறது.

பணம் திரும்புவதைவிடக் கெட்டது, திரும்பிவிடும் என்று பயந்து டிசம்பரில் வேலையை முடிப்பது. கிரவல் இறுகுவதற்கு ஓர் அளவான ஈரம் வேண்டும். அதற்கு மேல் ஈரம் ஏறினால் ரோலர் எத்தனை தடவை ஓடினாலும் மண் நெளியுமே தவிர இறுகாது. மழையில் நனைந்து கிடந்த மணலில் ஏற்கெனவே தண்ணீர் இருக்கிறது. அதைக் கழிக்காமல் வழக்கமான அளவு தண்ணீரை ஊற்றிக் குழைத்தால் கொங்கிரீட்டின் பலம் குறையும், மேலே பால்போல ஒரு படலம் எழும்பி மூன்றாம் மாதத்தில் உதிரும். அடுத்த ஏப்ரலில் குழிவிழும் வீதிகளில் பல இப்படி அவதியில் போட்டவை. அவற்றில் களவைத் தேடுகிறவர்கள் முதலில் தேதியைப் பார்க்க வேண்டும்.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறோம் என்றால், கேட்பதற்கு வேறு இடமில்லை. கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பர் 30 இல் முடிந்தது. அதன் பின் தேர்தல் நடக்கவில்லை. மாகாணத் திட்டமிடல், விவசாயம், கூட்டுறவு, கிராம அபிவிருத்தி என்று அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் கொடுத்த பொறுப்புகளை மக்கள் தெரிவுசெய்த ஒரு சபை கையாளாமல் இத்தனை ஆண்டு போய்விட்டது. அந்தத் தேர்தல் நடந்தாக வேண்டும். நடக்கும்வரை, எல்லாத் திணைக்களங்களும் ஒரே மேசையில் அமரும் இடம் உங்கள் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டம் ஒன்றுதான்.

நாங்கள் கேட்கும் முதல் மாற்றம் இலகுவானது: வாடை மாதங்களைக் கடதாசி வேலைக்கு ஒதுக்குங்கள். அடுத்த ஆண்டுக்குரிய வேலைகளுக்கு ஓகஸ்ட், செப்டெம்பரிலேயே இடத்தைக் காய்ந்த நிலையில் அளந்து, ஒக்டோபரில் அதே இடத்தை மழையில் ஒரு தடவை பார்க்க வேண்டும். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை மழைதான் காட்டும். வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கம் போட்ட வீதிகள் பலவற்றில் மதகு இருக்கிற இடம் ஒன்று, வெள்ளம் கடக்கிற இடம் இன்னொன்று. நவம்பரில் காணி யாருடையது என்று தீர்க்க வேண்டும். எங்கள் மாவட்டத்தில் வேலையை நிறுத்துவது பணம் அல்ல, பெரும்பாலும் காணிதான். ஒரு துண்டு நிலத்துக்கு வனம், வனஜீவராசிகள், தொல்லியல், துறைமுகம், பாதுகாப்புத் தரப்பு என்று ஐந்து பக்கத்திலிருந்து கேள்வி வரலாம். ஒவ்வொன்றுக்கும் கடிதம் போட்டுப் பதில் எடுக்கச் சில மாதங்கள் செல்லும். அந்தக் கடிதங்கள் ஏப்ரலில் போனால் அந்த ஆண்டு போனதுதான். டிசம்பரில் புதிய விலைப்பட்டியலின்படி மதிப்பீட்டைத் திருத்தி, ஜனவரியில் கேள்விப்பத்திரத்தை அச்சுக்குத் தயாராக வைத்தால், ஒதுக்கீடு வந்த வாரமே விளம்பரம் செய்யலாம். மே தொடக்கத்தில் மண்வெட்டி விழும்.

மாற்றுவழியும் இந்தக் கடதாசிக்குள் வர வேண்டும். 2021 நவம்பர் 23 அன்று கிண்ணியாப் பக்கத்துக் குறிஞ்சாக்கேணியில் பாலவேலை நடந்துகொண்டிருந்த காலத்தில் மக்களை ஏற்றிச் சென்ற மிதவைப் படகு கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளை இழந்தோம். ஒரு பாலத்தை உடைப்பதற்கு முன், அது கட்டி முடியும்வரை மக்கள் எப்படிக் கடப்பார்கள், மாரியில் எப்படிக் கடப்பார்கள், எத்தனை பேர் ஏறலாம், உயிர்காப்பு அங்கி எத்தனை என்பவை மதிப்பீட்டிலேயே தனி வரிகளாக இருக்க வேண்டும். அந்த வரிகள் இல்லாத பாலத் திட்டம் எதற்கும் உங்கள் குழு ஒப்புதல் கொடுக்கக் கூடாது.

இனி மீன். ஜூன் மாதத்தில் ஒரு நாள் காலை எட்டு மணிக்குத் திருக்கடலூர்க் கரையில் நின்று பாருங்கள். வள்ளத்திலிருந்து இறக்கிய சூரை மணலில் கிடக்கிறது. வெயில் ஏறுகிறது. தொடையளவு ஐஸ்கட்டி இரண்டை மரக்கட்டையால் உடைத்து மேலே போடுகிறார்கள். லொறி இரவு கொழும்புப் பக்கத்துப் பேலியகொடை மீன்சந்தைக்குப் போகும். விலையும் அங்கேதான் முடிவாகும்.

அந்தக் கணக்கைக் கிட்ட வைத்துப் பார்ப்போம். 30 பாகையில் இருக்கும் 500 கிலோ மீனை 0 பாகைக்கு இறக்க மட்டும் ஏறக்குறைய 160 கிலோ ஐஸ் உருகியாக வேண்டும். பெட்டியின் சுவரால் ஏறும் சூடு, மூடியைத் திறந்து மூடுவது, இரவுப் பயணம் எல்லாம் சேர்த்தால் எங்கள் வெப்பத்துக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பதே பாதுகாப்பான அளவு. இரண்டு கட்டி போட்ட இடத்தில் பத்துக் கட்டி வேண்டும். பெரிய துண்டாகப் போட்டால் ஒரு பக்கம் உறைந்து மறுபக்கம் சூடாகவே கிடக்கும், மீனும் நசுங்கும். இரண்டு மூன்று சென்ரிமீற்றர்த் துண்டாக நொறுக்கி, அடியில் ஐந்து சென்ரிமீற்றர் ஐஸ், அதன்மேல் ஒரு வரிசை மீன், பிறகு ஐஸ் என்று அடுக்க வேண்டும். பெட்டியின் அடியில் தண்ணீர் வடியத் துளை வேண்டும். உருகிய தண்ணீரும் இரத்தமும் தேங்கிய பெட்டியில் கிடக்கும் மீன் ஐஸ் இருந்தும் கெடும்.

சூரையில் இன்னொரு ஆபத்து உண்டு. சூட்டில் கிடக்கும்போது அதன் தசையில் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் உண்டாகும். பிறகு உறையவைத்தாலும் சமைத்தாலும் அது போகாது. பிடித்த முதல் சில மணித்தியாலத்தில் ஐஸ் படாத சூரையை எந்த ஏற்றுமதிக்காரரும் நல்ல விலைக்கு எடுக்கமாட்டார். வள்ளத்திலேயே காப்பிட்ட பெட்டியோடு கடலுக்குப் போவதுதான் முதல் படி, கரையில் கட்டும் பெரிய மண்டபம் அதற்குப் பிறகு. ஆழ்கடல் படகுகளுக்கு இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: 2015 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்குத் தடை போட்டது, பதிவில்லாத, ஒழுங்கற்ற மீன்பிடியைக் காரணம் காட்டி. தடை நீங்க 2016 வரை சென்றது. படகின் பதிவேட்டை ஒழுங்காக எழுதுவது ஐஸ் போடுவதைப் போலவே விலையைத் தீர்மானிக்கிறது. கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் அந்தப் பதிவேட்டைத் தமிழில் நிரப்பச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் முழுநேரமும் இருக்க வேண்டும்.

ஐஸ் ஆலை கேட்டால் உடனே பெரிதாக ஒன்றைக் கட்டித் தருவது வழக்கம். அது மூடிப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் அதே பெருமைதான். ஜூன், ஜூலை உச்சத்தை வைத்து ஆலையின் அளவைத் தீர்மானித்தால் டிசம்பரில் அது சும்மா நிற்கும், கடன் தவணை மட்டும் நிற்காது. நாளுக்குப் 10 தொன் ஆலை ஒன்றும், மூன்று நாள் ஐஸைத் தாங்கும் காப்பிட்ட களஞ்சியம் ஒன்றும் சேர்ந்தால், 20 தொன் ஆலை செய்கிற வேலையை உச்ச நாட்களில் செய்யும். கட்டி ஐஸ் ஒரு தொன்னுக்கு 60 முதல் 80 அலகு மின்சாரம் எடுக்கும். ஆலை ஓடுமா என்பதை அந்த மின்பட்டியல்தான் சொல்லும், கட்டடத்தின் பெறுமதி அல்ல. தண்ணீர் குடிக்கத்தக்கதாக இருக்க வேண்டும், நிலாவெளி, சாம்பல்தீவுப் பக்கத்து உவர்க்கிணறுகளை நம்ப முடியாது. கூட்டுறவுச் சங்கம் நடத்துவதானால் ஒரே ஒரு விதி: ஐஸ் கைக்காசுக்கு. உறுப்பினருக்குக் கடன் ஐஸ் கொடுத்த சங்கம் இரண்டாவது பருவத்தைக் கண்டது அபூர்வம். முகாமையாளருக்குச் சம்பளம் இருக்க வேண்டும். கௌரவச் சேவையால் குளிரூட்டியின் அமுக்கியைப் பராமரிக்க முடியாது.

நெல்லைப் பற்றி. கந்தளாய், தம்பலகாமம், கிண்ணியா, மூதூர், சேருவில என்று பெப்ரவரி பிற்பகுதியிலும் மார்ச்சிலும் அறுவடை இயந்திரங்கள் ஒரே மூச்சில் இறங்குகின்றன. மூன்று வாரத்தில் வயல் காலி. இயந்திரத்தில் வெட்டிய நெல்லில் ஈரம் 20 முதல் 24 வீதம். நெல் சந்தைப்படுத்தும் சபை கேட்பது 14 வீதம். நடுவில் இருக்கும் அந்த ஈரத்தை வைத்துத்தான் விவசாயியின் இலாபம் கழன்று போகிறது. 1,000 கிலோ நெல்லை 20 வீதத்திலிருந்து 14 வீதத்துக்குக் காயவைத்தால் மிஞ்சுவது 930 கிலோ. குறைவது 70 கிலோ மட்டும். வயல்வரம்பில் நின்று வாங்கும் வியாபாரி கழிக்கும் அளவு இதுதானா என்று பார்க்க விவசாயியிடம் ஈரமானி இல்லை. கமநல சேவை நிலையம் ஒவ்வொன்றிலும் அளவு சரிபார்த்த ஈரமானி இரண்டும், இந்தக் கழிவு அட்டவணையைப் பெரிய எழுத்தில் எழுதிய பலகை ஒன்றும் வையுங்கள். மாவட்டத்தில் செய்யக்கூடிய அபிவிருத்தி வேலைகளில் செலவு மிகக் குறைந்தது இதுவாகத்தான் இருக்கும். பெப்ரவரி 15 க்கு முன் வைக்க வேண்டும், ஏப்ரலில் திறப்பு விழா வைத்துப் பயனில்லை.

அடுத்தது உலர்த்தி. ஈரநெல்லைச் சாக்கில் கட்டி ஒரு நாளுக்கு மேல் அடுக்கினால் உள்ளே சூடேறி அரிசி மஞ்சளாகும். வீதியில் பரப்பிக் காயவைத்தால் நண்பகலில் மணி வெடித்துக் குறுணை கூடும், வாகனமும் ஏறும். நெல்லுமியை எரித்து ஓடும் தொகுதி உலர்த்தி போதும். ஆனால் நெல்மணியின் சூடு 43 பாகையைத் தாண்டக் கூடாது, ஒரு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய ஒரு வீதம் ஈரமே இறங்க வேண்டும். அவசரப்பட்டு நெருப்பைக் கூட்டினால் குற்றும்போது பாதி உடைந்துபோகும், “மெஷின் சரியில்லை” என்று உலர்த்தியை ஓரங்கட்டுவார்கள். இயக்குகிறவருக்கு இரண்டு வாரப் பயிற்சி கொடுக்காமல் இயந்திரத்தை இறக்காதீர்கள்.

உலர்த்தி இருந்தால் நெல் இங்கேயே தங்கும். தங்கினால் இங்கேயே குற்றலாம். இப்போது லொறி லொறியாகப் பொலன்னறுவை ஆலைகளுக்குப் போகும் ஒவ்வொரு 100 கிலோ நெல்லோடும் 20 கிலோ உமியும் எட்டுப் பத்துக் கிலோ தவிடும் சேர்ந்தே போகின்றன. பிறகு கிண்ணியாவிலும் மூதூரிலும் பால்மாடு வைத்திருப்பவர்கள் வெளியூர்த் தவிட்டைக் காசுக்கு வாங்குகிறார்கள். உமி போனதால் உலர்த்திக்கு எரிபொருள் இல்லை. ஒரு நடுத்தர அரிசி ஆலை வந்தால் உலர்த்தி, தவிடு, பால், தயிர்ச்சட்டி என்று நான்கு தொழில் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதற்குத் தடையாக இருப்பது ஆலைகட்ட ஆளில்லாமை அல்ல. மார்ச்சில் மூன்று வாரத்துக்குள் நெல் வாங்கும் கைப்பணம் இல்லாமைதான். வங்கி கடன் கொடுக்கிறது, ஆனால் பத்திரம் பார்த்து, பெறுமதி பார்த்து மே மாதம் கொடுக்கிறது. களஞ்சியத்தில் வைத்த நெல்லையே ஈடாக ஏற்று ஜனவரியில் உடன்பாடு எழுத வங்கி முகாமையாளர்களை அழைத்துப் பேசுங்கள். ஒரு நாடாளுமன்ற உறுப்பினரோ அரசாங்க அதிபரோ அழைத்தால் நடக்கும் கூட்டம் அது. விவசாயி அழைத்தால் நடக்காது.

எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றி மாவட்டத்தில் பேசாத மேடை இல்லை. சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிவிட்டுப் போனவற்றில் 99 தாங்கிகள். 2022 ஜனவரி உடன்படிக்கையின்படி 14 இந்திய நிறுவனமான லங்கா ஐ.ஓ.சி.யிடம், 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடம், மீதி 61 இரண்டும் சேர்ந்த கம்பனியிடம், அதில் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதப் பங்கு. 2025 ஏப்ரலில் இந்தியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் சேர்ந்த எரிசக்தி மையப் புரிந்துணர்வும் வந்தது. யாருக்குக் கொடுத்தார்கள் என்ற வாதம் ஒரு பக்கம் நடக்கட்டும். எங்கள் பிள்ளைகளுக்கு அதில் என்ன வேலை என்ற கேள்வியை யாரும் பட்டியல் போட்டுக் கேட்கவில்லை என்பதே எங்கள் கவலை.

பட்டியல் இது. ஒரு பழைய தாங்கியை எழுப்புவதற்குக் காடு வெட்டி, உள்ளே கிடக்கும் கசடை அகற்றி, வாயு இல்லை என்று அளந்து உறுதிப்படுத்த வேண்டும். பிறகு மீயொலிக் கருவியால் தகட்டின் தடிப்பைக் கட்டம் கட்டமாக அளக்க வேண்டும். அடித்தகடுதான் முதலில் உக்கும், கீழிருந்து ஈரம் ஏறுவதால். கெட்ட தகட்டை வெட்டிப் புதிதை ஒட்ட வேண்டும். நிலைக்குத்தாகவும் தலைக்கு மேலாகவும் வெல்டிங் செய்யத் தேர்ச்சிபெற்றவர் வேண்டும். கேற் செய்யத் தெரிந்தவரை அப்படியே ஏற்றிவிட முடியாது. ஒட்டிய இடத்தை வெற்றிடப் பெட்டி வைத்துச் சோதிக்க வேண்டும். மணல்வீச்சால் துரு நீக்கி, பல படையாகப் பெயின்ட் பூச வேண்டும். காற்றின் ஈரப்பதம் 85 வீதத்துக்கு மேல் போனால் பூசக் கூடாது. தகட்டின் சூடு, காற்றின் ஈரம் நீர்த்துளியாகப் படியும் பனிநிலையைவிட மூன்று பாகையாவது கூட இருக்க வேண்டும். ஆக, இங்கேயும் வாடை மாதங்களில் வெளிப்பூச்சு இல்லை. அதே ஏழு மாதம்தான்.

கடைசிச் சோதனை தண்ணீரால். ஒரு தாங்கியின் கொள்ளளவு ஏறக்குறைய 12,000 கனமீற்றர், அதாவது 1 கோடி 20 இலட்சம் லீட்டர். 10,000 லீட்டர் பவுசர் 1,200 தடவை ஓட வேண்டும். கந்தளாய்க் குளத்துத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கும் ஊரில் இது சிறிய விடயம் அல்ல. ஒரு தாங்கியில் நிரப்பிய தண்ணீரை அடுத்த தாங்கிக்குக் குழாயால் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். கடல்நீரை எடுத்தால் சோதனை முடிந்ததும் நன்னீரால் கழுவ வேண்டும். இந்த ஏற்பாட்டை இப்போதே கேட்காவிட்டால் ஒரு சித்திரை வெயிலில் நகரத்துக் குழாய் வற்றியபின் கேட்டுக்கொண்டிருப்போம்.

தேர்ச்சிபெற்ற வெல்டரை உருவாக்க ஆறு மாதமாவது வேண்டும். ஒப்பந்தகாரர் வேலை தொடங்கும் நாளில் ஆள் தயாராக இல்லையென்றால் அவர் வெளியூரிலிருந்து கூட்டிவருவார், அது அவர் பிழையும் அல்ல. ஒக்டோபரிலிருந்து மார்ச்வரை கடலுக்குப் போகமுடியாமல் இருக்கும் இளைஞருக்கு, கையில் சிறு படித்தொகையோடு, என்.வி.கியூ. என்ற தேசிய தொழிற்தகைமைத் தரச் சான்றிதழுக்கான பயிற்சியை அந்த ஆறு மாதத்தில் வைக்கலாம். ஹோட்டல் சமையல், வள்ளத்தின் வெளியிணைப்பு இயந்திரம் திருத்துதல், குளிரூட்டி திருத்துதல் எல்லாவற்றுக்கும் அதே பருவம் பொருந்தும். தொழிற்பயிற்சி நிலையங்கள் ஜனவரியில் ஆள்சேர்த்து, கடல் திறக்கும் ஏப்ரலில் பாதிப்பேர் விலகிப்போவதைப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

சம்பூருக்கு வருவோம். அனல்மின் திட்டம் 2016 இல் கைவிடப்பட்டது. 120 மெகாவாற்றுச் சூரியமின் திட்டத்துக்கு 2025 ஏப்ரல் 5 அன்று ஆரம்பம் வைத்தார்கள். புகை இல்லை என்பது பெரிய நிம்மதி. ஆனால் கட்டி முடிந்தபின் சூரியமின் நிலையத்துக்கு மிகக் குறைந்த ஆட்களே தேவை. வேலி, புல்வெட்டு, பலகை கழுவுதல், காவல் என்பவைதான் உள்ளூருக்கு மிஞ்சும். பலகை ஒன்று 550 வாற்று என்று வைத்தால் இரண்டு இலட்சத்துக்கு மேல் பலகைகள். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் புழுதி படியும்போது பலகைக்கு இரண்டு லீட்டர் என்றாலும் ஒரு தடவை கழுவ நான்கு இலட்சம் லீட்டருக்கு மேல். 2006 இல் இடம்பெயர்ந்து, ஆண்டுக்கணக்காக முகாமில் இருந்து, வெறுங்கையோடு திரும்பிவந்த மக்களின் கிணற்றிலிருந்து அந்தத் தண்ணீர் எடுக்கப்படக் கூடாது. கழுவும் வேலையையும் புல்வெட்டையும் சம்பூர், கூனித்தீவு, கட்டைபறிச்சான் சங்கங்களுக்குப் பல ஆண்டு ஒப்பந்தமாகக் கொடுக்கும்படி எழுத்தில் கேளுங்கள்.

கந்தளாய் சீனித் தொழிற்சாலை 1993 இல் மூடியது. ஒவ்வொரு தேர்தலிலும் அதைத் திறக்கிறார்கள். வெட்டிய கரும்பு ஓரிரு நாளில் ஆலைக்குப் போகாவிட்டால் சீனி குறையும். ஆகவே ஆலையைச் சுற்றியே கரும்பு நிற்க வேண்டும், கரும்புக்கு ஆண்டு முழுதும் தண்ணீர் வேண்டும். எந்தக் காணி, எந்த வாய்க்கால், அதில் இப்போது நெல் செய்கிறவருக்கு என்ன என்று காட்டாமல் இனி அந்த வாக்குறுதியைத் தரவேண்டாம். புல்மோட்டைக் கடற்கரை மணலில் கிடைக்கும் இல்மனைற்றுக் கனிமத்தை வெள்ளை நிறமியாக்கி விற்கலாம் என்பதும் உண்மைதான், ஆனால் அமிலக்கழிவு எங்கே போகும் என்ற விடை முதலில் வரட்டும், அது கடற்கரை.

சுற்றுலாவில் ஒன்றே ஒன்று. நிலாவெளி ஹோட்டல்களின் மரக்கறி தம்புள்ளையிலிருந்து வருகிறது, கும்புறுப்பிட்டித் தோட்டத்துக் கத்தரிக்காய் பத்து மைலுக்குள் இருக்க. விலை காரணமல்ல. ஹோட்டலுக்கு ஒரே அளவில், தினமும், பற்றுச்சீட்டோடு வேண்டும். விவசாயிக்கு அன்றைக்கே காசு வேண்டும், ஹோட்டல் முப்பது நாற்பது நாள் தவணை கேட்கிறது. நடுவில் ஒரு கூட்டுறவுச் சங்கம் நாற்பது நாள் சுழல்நிதியோடு நின்றால் போதும். பருவம் ஏப்ரலில் தொடங்குகிறது, எனவே ஹோட்டல்களின் வாராந்தத் தேவைப்பட்டியல் ஜனவரியில் விவசாயி கைக்குப் போக வேண்டும். கத்தரி காய்க்க இரண்டரை மாதம் வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் கூட்டம் நடத்தும் முறையும் மாற வேண்டும். முடிவு எடுக்கப்படுகிறது, ஆனால் யார், எந்தத் தேதிக்குள் என்று எழுதப்படுவதில்லை. “சம்பந்தப்பட்ட திணைக்களம் நடவடிக்கை எடுக்கும்” என்று முடியும் குறிப்பில் நடவடிக்கை எடுக்க யாரும் இல்லை. ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு பதவிப்பெயரும் ஒரு தேதியும் எழுதுங்கள். அடுத்த கூட்டத்தின் முதல் அரைமணி அந்தப் பட்டியலை மட்டும் வாசியுங்கள். குறிப்பு ஏழு நாளுக்குள் தமிழிலும் சிங்களத்திலும் எல்லாப் பிரதேச செயலகப் பலகைகளிலும் வரட்டும். மொறவெவ விவசாயியும் மூதூர் விவசாயியும் ஒரே பட்டியலைத் தத்தம் மொழியில் வாசித்தால், ஒதுக்கீடு யாருக்குப் போனது என்ற வதந்தியில் பாதி தானாக அடங்கும். எதிரெதிர்க் கட்சியில் நிற்கும் உறுப்பினர்கள் ஒரே அமைச்சுக்கு ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டுப் போவதும் நடக்கட்டும். தனித்தனியாகப் போகும் கடிதங்களைக் கொழும்பில் ஒன்றுக்கொன்று பதிலாகக் காட்டித் திருப்பிவிடுகிறார்கள்.

நவம்பர் கூட்டத்தை இந்த ஏழு மாதத்துக்காக மட்டும் ஒதுக்கித் தாருங்கள். வீதி, பாலம், ஐஸ், உலர்த்தி, பயிற்சி, காணி என்று திட்டத்துக்கு ஒரு பக்கமாக நிரப்பும் படிவத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் தயாரித்து வைத்திருக்கிறோம். இடம், காணியின் உரித்து, கடிதம் போன தேதி, மதிப்பீடு, நடத்தப்போகிறவர், மாதச் செலவு, மண்வெட்டி விழும் நாள் ஆகிய ஏழு கட்டங்கள் அதில் உள்ளன. ஒக்டோபர் முடிவதற்குள் பதினொரு பிரதேச செயலகங்களுக்கும் பிரதிகளைக் கொண்டுவந்து தருவோம், நிரப்பும்போது கூடவே இருப்போம்.

இப்படிக்கு,
திருகோணமலை மாவட்டத்தின் நெல், கடற்றொழில், கட்டுமானம், திட்டமிடல் துறைகளில் பணியாற்றும் சிலர்